சந்தனம் வைத்த கம்ப்யூட்டர்

தண்ணீர்மலையான் மேல் ஆணையாக, இங்கே எழுதியிருப்பதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கூட்டிச் சொன்னது எங்கும் கிடையாது. குறைத்துச் சொன்ன இடங்கள் சில உண்டு. படிக்கிறவர்கள் நம்ப வேண்டுமே என்ற கவலையில் குறைத்ததுதான். சந்தேகம் உள்ளவர்கள் பினாங்கில் ஆயர் ஈத்தாம் போகிற வழியில் இருக்கும் அந்த ஃபிளாட்டுக்குப் போய் யாரைப் பிடித்தும் விசாரிக்கலாம். முனுசாமி வீடு என்றால் போதும், பொத்தானை அமுக்காமலேயே லிஃப்ட் கொண்டுபோய் விட்டுவிடும்.

முனுசாமி ஃபெரியில் கயிறு கட்டி ஓய்வு பெற்றவர். படகு துறைக்கு வரும்போது கயிற்றை வீசுவது, போகும்போது அவிழ்ப்பது, அவ்வளவுதான் உத்தியோகம். இப்போது அவர் கையில் ஆயுதம் என்று எதுவும் இல்லை. ஆனாலும் ஆயுதபூஜை வந்துவிட்டால் அவர் மனைவி ருக்குமணி ஓர் ஆணியைக்கூட விடமாட்டாள். அரிவாள்மணை, கிரைண்டர், தையல் மிஷின், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து ஓய்வு கொடுத்துவிடுவாள். அன்றைக்கு எந்தச் சாமானும் வேலை செய்யக் கூடாது. சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக்கூடக் கழற்றி வைப்பாள். ஒரு வருஷம் முனுசாமியின் பல்செட்டையும் வரிசையில் வைத்துப் பொட்டு இட்டுவிட்டாள். அன்று முழுவதும் அவர் கஞ்சி குடித்தார், பேசவில்லை. வீட்டில் அவ்வளவு நிம்மதியான ஆயுதபூஜை அதற்குப் பிறகு வரவில்லை என்று ருக்குமணி இப்போதும் சொல்லுவாள்.

இந்த வருஷம் வரிசையில் கடைசியாக நின்றது கம்ப்யூட்டர். ருக்குமணி சந்தனக் கிண்ணத்தோடு வந்தபோது அது தானாகவே ஏதோ அப்டேட்டைத் தொடங்கி, திரையில் புள்ளிகளைச் சுழலவிட்டுக்கொண்டிருந்தது. முப்பது சதவீதம் முடிந்தது, கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம் என்று கீழே எழுதியிருந்தது.

"என்னங்க, இது இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. நல்ல நேரம் போயிரும்."

"அப்டேட் நடக்குது. அணைக்காதன்னு அதுவே சொல்லுது பாரு."

"அது சொல்லும். வேலை செய்யிற சாமானுக்கு நிப்பாட்டணும்னு என்னைக்குத் தோணியிருக்கு? நீங்க ரிட்டயர் ஆன அன்னைக்குக்கூட ஓவர்டைம் கேட்டீங்க."

சொல்லிக்கொண்டே பிளக்கைப் பிடுங்கினாள். திரை கறுத்தது. அதில் மூன்று பட்டை விபூதி இழுத்து, ஒரு மாலையும் போட்டாள். பெட்டியில் பொட்டு வைக்க இடம் தேடினாள். முன்பக்கத்தில் வட்டமாக, கொஞ்சம் குழிவாக, பொட்டுக்கென்றே செய்து வைத்த மாதிரி ஓரிடம் இருந்தது. சந்தனத்தைக் குழைத்து அங்கே தாராளமாக அப்பினாள். அது கம்ப்யூட்டரின் பவர் பட்டன். முனுசாமி பார்த்தார். பார்த்தும் சொல்லவில்லை. சுண்டல் ஆறிக்கொண்டிருந்தது.

மறுநாள் விஜயதசமி. ஓய்வெடுத்த சாமான்களை ஒவ்வொன்றாகத் தொடங்கிவைக்கும் நாள். கிரைண்டர் சுற்றியது. தையல் மிஷின் ஒரு கைக்குட்டைக்கு ஓரம் அடித்தது. கடிகாரம் நகர்ந்தது. கம்ப்யூட்டர் மட்டும் ஒரு மூச்சு விட்டுவிட்டு அடங்கியது. மறுபடி ஒரு மூச்சு. மறுபடி அடங்கல்.

சாதாரண நாளாக இருந்தால் முனுசாமி பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு முடியாது. அன்று அவர்களுடைய ஐம்பதாவது கல்யாண நாள். புரட்டாசியில் எந்தத் தமிழன் கல்யாணம் செய்துகொள்வான் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது, அதுவும் அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தது. ஒரு பாட்டு ஃபைல். பாட்டு முக்கியமில்லை, பாட்டுக்கு முன்னால் வானொலி அறிவிப்பாளர் ஒருவர் முனுசாமியின் பெயரையும் ருக்குமணியின் பெயரையும் சேர்த்து வாசிப்பார். அது முதலில் கேசட்டில் இருந்தது. கேசட்டுக்குப் பூஞ்சை பிடிக்கும் முன் மகள் சுபாஷினி அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தாள். வேறு எங்கேயும் நகல் கிடையாது. இன்னொரு இடத்திலும் போட்டு வையுங்கள் என்று அவள் எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். ருக்குமணியை நான் எத்தனை இடத்தில்தான் வைப்பது என்று முனுசாமி திருப்பிக் கேட்டார்.

செபராங் ஜெயாவிலிருந்து சுபாஷினி போன் செய்தாள். சாயங்காலம் அவள் வீட்டில்தான் விருந்து.

"அப்பா, அந்த ஃபைல இப்பவே அனுப்பிருங்க. ஸ்பீக்கர்லாம் செட் பண்ணிட்டேன். புக்கிட் மெர்தாஜாம் அத்தை, சிம்பாங் அம்பாட் சித்தப்பா எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன். கேக் வெட்டுறப்ப அதான் போடப் போறோம்."

"அனுப்புறேன்மா."

"கம்ப்யூட்டர் ஓடுதுல்ல?"

"ஓடிக்கிட்டே இருக்கு," என்றார் முனுசாமி. அந்த நேரம் அது நாலாவது தடவையாக மூச்சு விட்டுக்கொண்டிருந்ததால், அதுவும் பொய் ஆகாது.

ஹைதருக்குப் போன் போனது. கொம்தார் பக்கம் மாடியில் சின்னக் கடை வைத்திருக்கும் கம்ப்யூட்டர்காரன். அவன் கை பட்டால் பாதி மிஷின்கள் பயந்தே ஓடிவிடும் என்று பினாங்கில் பேர். ஒருமுறை போனிலேயே அதட்டி ஒரு பிரிண்டரைச் சரிசெய்திருக்கிறான். வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றியவன், மாலையும் விபூதியுமாக இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்து அப்படியே நின்றான்.

"என்னா அங்கிள், மாலையெல்லாம் போட்டுட்டீங்க. நான் வர லேட்டாயிருச்சோ?"

"வாயைக் கழுவு ஹைதரு," என்றாள் ருக்குமணி. "நல்ல நாளும் அதுவுமா."

"கோவிச்சுக்காதீங்க ஆன்ட்டி. சும்மாதான்லா. சுண்டல் மிச்சம் இருக்கா?"

சுண்டல் வந்தது. ஒரு கையால் அதைச் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் பிளக்கை மாட்டினான். கம்ப்யூட்டர் தானாகவே எழுந்தது, தானாகவே விழுந்தது. ஹைதர் குனிந்து பார்த்தான். பட்டன் உள்ளே போனது போனபடியே நின்றிருந்தது. பல் குத்தும் குச்சியால் கிளறினான். காய்ந்த சந்தனம் பொரிப்பொரியாக உதிர்ந்தது.

"இதுக்கு யாரு சந்தனம் வச்சது?"

முனுசாமி மின்விசிறியைப் பார்த்தார். ருக்குமணி, "நல்லாத்தானே இருந்துச்சு," என்றாள்.

"நல்லாத்தான் இருக்கும் ஆன்ட்டி. பட்டன விடாம அமுக்கிப் பிடிச்சா, அணைச்சிருன்னு அர்த்தம். நேத்திலேருந்து நீங்க அதை அமுக்கிக்கிட்டே இருக்கீங்க. பாவம், அது சொன்ன பேச்சைத்தான் கேட்டிருக்கு."

பட்டன் விடுபட்டதும் கம்ப்யூட்டர் விழாமல் நின்றது. மூவரும் ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டார்கள். புள்ளிகள் சுழன்றன. திரை கறுத்தது. தானே பழுது பார்த்துக்கொள்வதாக ஒரு வரி வந்தது. மறுபடி முதலிலிருந்து சுழன்றது. அப்புறம் அதே கறுப்பு, அதே வரி.

"பிளக்கைப் பாதியில புடுங்கினீங்களா?"

"நல்ல நேரம் முடியிறதுக்கு முன்னாடி புடுங்கினேன்."

"அதான். புதுசும் முழுசா வந்து சேரல, பழசும் முழுசா போகல. வீடு மாறுறப்ப லாரி பாலத்து நடுவுல நின்னுட்ட மாதிரி. கட்டில் இங்க, மெத்தை அக்கரையில பட்டர்வொர்த்துல. இப்ப அது எங்க படுக்கும்?"

ஹைதர் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். பெட்டியைத் திறந்து டிஸ்க்கைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டினால் ஃபைலை எடுத்துக்கொண்டு போய்விடலாம், நேரான வழி. ருக்குமணி பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இன்னைக்கு அது முதல்ல ஓடணும். ஓடினதுக்கு அப்புறம் நீ என்ன வேணாலும் கழட்டு. தொடங்கி வைக்கிற நாள்ல வயித்தைக் கிழிச்சா வருஷம் பூரா கிழிப்புதான்."

"நாளைக்கு வரவா அப்ப?"

"கல்யாண நாள் இன்னைக்குடா."

ஹைதர் முனுசாமியைப் பார்த்தான். முனுசாமி மறுபடியும் மின்விசிறியைப் பார்த்தார். அந்த வீட்டில் மின்விசிறிக்குத்தான் எல்லா ரகசியமும் தெரியும்.

ஸ்க்ரூடிரைவர் பைக்குள் போனது. பிரிண்டர், கேமரா, ஸ்பீக்கர் எல்லாவற்றின் வயர்களையும் ஹைதர் பிடுங்கிவிட்டான். ஒட்டிக்கொண்டிருக்கும் சாமான்களே சில சமயம் எழவிடாமல் பண்ணும் என்றான். அப்படியும் எழவில்லை. பட்டனை அமுக்கி, நடுவில் அணைத்து, மறுபடி அமுக்கி ஒரு நீலத் திரைக்குள் போனான். அங்கே தானியங்கிப் பழுதுபார்ப்பை ஓடவிட்டான். முடியவில்லை என்று பதில் வந்தது. பழைய நாளுக்குத் திரும்பிப் போகிற ஒரு வழியைத் தேடினான். திரும்பிப் போவதற்குக் குறித்துவைத்த நாள் ஒன்றுமே இல்லை என்றது.

"பழைய நாளா?" என்றார் முனுசாமி. முதல் தடவையாக அந்தக் கம்ப்யூட்டரை மரியாதையோடு பார்த்தார். "அந்த மாதிரி பட்டன்லாம் இருக்கா இதுல?"

"இருக்கு அங்கிள். முன்னாடியே ஆன் பண்ணி வச்சிருக்கணும். நீங்க பண்ணல."

"யாரும் சொல்லலியே," என்றார் முனுசாமி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

குறைந்த வசதிகளோடு எழுப்பிப் பார்த்தான். எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது. மிச்சம் இருந்தவை இரண்டே வழிகள். ஹைதர் சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்தான். அவன் சாப்பிடுவதை நிறுத்தினால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

"இங்க பாருங்க. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டா கண்டிப்பா ஓடும். ஆன்ட்டி கேட்டபடி இன்னைக்கே ஓடும். ஆனா உள்ள உள்ளது ஒண்ணும் மிஞ்சாது. இன்னொண்ணு, கடைசியா வந்த அப்டேட்டை மட்டும் திருப்பி எடுக்கிறது. கெடச்சா எல்லாம் கெடைக்கும். நடுவுல கரண்டு போச்சுன்னா, அப்புறம் என்னைக் கூப்பிடாதீங்க."

ஓட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் ருக்குமணி. அழித்தால் ஓடும். அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். விபூதிப் பட்டைக்குக் கீழே அம்புக்குறி காத்திருந்தது.

"அழிக்காத," என்றாள்.

"ஓடாம போனா பரவால்லையா ஆன்ட்டி?"

"வருஷம் பூரா கிழியட்டும். அழிக்காத."

முனுசாமி அவளைத் திரும்பிப் பார்த்தார். ஹைதர் இரண்டாவது வழியை அமுக்கினான். புள்ளிகள் சுழலத் தொடங்கின. ருக்குமணி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, முந்தின நாள் தான் பிடுங்கிய அதே பிளக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, சுவருக்குக் காவலாக உட்கார்ந்தாள்.

"அப்படி என்னாதான் அங்கிள் இருக்கு அதுல?" என்றான் ஹைதர்.

காத்திருக்கிற நேரத்துக்கு முனுசாமி சொன்னார். அப்போது அவருக்கு மீசை புதிது. ஃபெரி மஞ்சள் நிறத்தில் இருந்தது. கீழே கார்கள், மேலே ஜனங்கள், எல்லாவற்றுக்கும் மேலே டீசல் புகை. பாயான் லெப்பாசில் புதிதாகத் திறந்த ஃபேக்டரிகளுக்குப் பட்டர்வொர்த்திலிருந்து பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கடல் தாண்டி வருவார்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்து, யூனிஃபார்மை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, காற்றில் பறந்துபோன கைக்குட்டைக்கு ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டு. அந்தக் காலத்தில் பினாங்குத் தீவுக்கு வரத்தான் டிக்கெட், திரும்பிப் போவது இலவசம். ருக்குமணி காசு கொடுத்து வரும்போது முறைப்பாள், இலவசமாகப் போகும்போது சிரிப்பாள். முனுசாமி சாயங்கால ஷிஃப்டை விடாமல் கேட்டு வாங்கியதற்கு அதுதான் காரணம்.

பேசத் தைரியம் வரவில்லை. அவர் கயிறு வீசுவார், அவள் பார்ப்பாள். அவள் பார்க்கும்போது வீசிய கயிறு ஒருமுறை துறையைத் தாண்டி, சாலையைத் தாண்டி, மணிக்கூண்டைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது. அதற்கு மேல் எப்படித்தான் ஒருவன் தன் மனசைச் சொல்வது? கடைசியில் வானொலிக்கு ஒரு தபாலட்டை போட்டார். பட்டர்வொர்த் மாக் மண்டின் பகுதி ருக்குமணிக்காக, ஃபெரி முனுசாமி விரும்பிக் கேட்பது. அவள் பெயரைக் கண்டுபிடிக்கவே அவருக்கு ஒரு மழைக்காலம் ஆகியிருந்தது.

ஒருநாள் படகு நடுக்கடலில் இருக்கும்போது வாசித்துவிட்டார்கள். அப்போதெல்லாம் எல்லா இடத்திலும் ரேடியோ ஒரே சமயத்தில் பேசும். படகின் சிற்றுண்டிக் கடை ரேடியோ, பயணிகளின் கை ரேடியோ, இரண்டு கரையிலும் இருந்த சாப்பாட்டுக் கடை ரேடியோ எல்லாம் சேர்ந்து அந்த இரண்டு பெயரையும் சொன்னதில் தண்ணீர் லேசாக நடுங்கியது. பெண்கள் கூட்டம் திரும்பி ருக்குமணியைப் பார்த்தது. ருக்குமணி திரும்பிக் கடலைப் பார்த்தாள். பாட்டு முடிவதற்குள் துறைக்குப் போய்ச் சேர்ந்தால் அவள் இறங்கி ஓடிவிடுவாளே என்று கேப்டன் ஸ்டீயரிங்கை ஒடித்து, படகை அப்படியே வட்டமடிக்க வைத்தார்.

"ஃபெரி சுத்துச்சா?" என்றான் ஹைதர்.

"மூணு தடவ."

"ரெண்டு தடவ," என்றாள் ருக்குமணி சுவரோரத்திலிருந்து. "மூணாவது அவராச் சேத்துக்கிட்டது."

"கார்லாம் கீழ இருந்துச்சே, யாரும் திட்டலையா?"

"ஹாரன் அடிச்சாங்க. தாளத்துக்குத்தான் அடிச்சாங்க."

துறையடியில் காப்பிக் கடை வைத்திருந்த ஒருவர் பாட்டு பிடிப்பதற்காக அன்று கேசட்டை அவசரப்பட்டு முன்கூட்டியே ஓடவிட்டிருந்தார். அதனால் பெயர்களும் பதிந்துவிட்டன. அந்த வாசிப்பை ருக்குமணியின் அப்பாவும் கேட்டார், மாக் மண்டின் முழுவதும் கேட்டது. அவர் நாள் பார்க்கவில்லை, மாதமும் பார்க்கவில்லை. புரட்டாசி முடியட்டும் என்று சொன்ன ஐயரைப் பார்த்து, புரட்டாசி முடிவதற்குள் இவன் இன்னொரு தபாலட்டை போட்டுவிடுவான் என்றார். கல்யாணம் நடந்தது. காப்பிக் கடைக்காரர் மொய்யாக அந்தக் கேசட்டைக் கொடுத்தார்.

"எனக்கு ஒண்ணுதான் சந்தேகம்," என்றான் ஹைதர். "ஆன்ட்டி, அது வரைக்கும் நீங்க அங்கிளோட ஒரு வார்த்தைகூடப் பேசலியா?"

"பேசியிருந்தா இவரு எதுக்கு ஊருக்கெல்லாம் சொல்லணும்? ஒருநாள் ஏதாவது கேப்பாருன்னு நானும்தான் டிக்கெட் எடுத்துக்கிட்டே இருந்தேன்."

இதை அவள் அதற்கு முன்னால் சொன்னதே இல்லை. முனுசாமிக்கு மின்விசிறியைப் பார்க்கக்கூட மறந்துவிட்டது.

திரையில், செய்த மாற்றங்கள் திரும்ப எடுக்கப்படுகின்றன என்று ஒரு வரி வந்தது. வந்து அப்படியே நின்றது. பக்கத்து வீட்டில் யாரோ எதையோ போட்டார்கள். விளக்கு ஒரு கணம் மங்கிற்று. ருக்குமணி பிளக்கை இரண்டு கையாலும் அழுத்தினாள். அவள் அழுத்திய அழுத்தில் மின்சாரம் பயந்து உள்ளேயே நின்றுவிட்டது. விளக்கு பழையபடி எரிந்தது. கம்ப்யூட்டர் அணைந்தது, எழுந்தது, புள்ளிகளைச் சுழற்றியது. ஹைதர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். புள்ளிகள் நின்றன. கறுப்பு வரவில்லை. கடவுச்சொல் கேட்டது.

"ஆலாமாக், அடேயப்பா," என்றான் ஹைதர் மெதுவாக. "வந்துருச்சு."

"ஓடுதா?" என்றாள் ருக்குமணி. பிளக்கிலிருந்து கையை எடுக்காமலேயே கேட்டாள்.

"ஓடுது ஆன்ட்டி. எந்திரிக்கலாம்."

அவள் எழுந்திருக்கவில்லை. முனுசாமி கடவுச்சொல்லைத் தட்டினார். ஃபைல்கள் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. ஹைதர் முதலில் அதை ஒரு பென்டிரைவில் நகல் எடுத்தான், அதற்கப்புறம் இன்னொன்றில். முனுசாமி இந்த முறை தடுக்கவில்லை. சுபாஷினிக்கும் அனுப்பியாயிற்று. அப்புறம்தான் ஹைதர் ஸ்பீக்கர் வயரை மாட்டி, அம்புக்குறியை ஃபைல் மேல் வைத்து, முனுசாமியைப் பார்த்தான். அவர் தலையசைத்தார்.

முதலில் இரைச்சல். காப்பிக் கோப்பையில் கரண்டி சுற்றும் சத்தம். யாரோ ஹொக்கியென் சீனத்தில் ஏதோ கேட்கிறார்கள். பிறகு அந்த அறிவிப்பாளரின் குரல், இஸ்திரி போட்ட சட்டை மாதிரி மடிப்புக் கலையாமல்: "அடுத்த பாடலை மாக் மண்டின், பட்டர்வொர்த்தைச் சேர்ந்த ருக்குமணிக்காக விரும்பிக் கேட்டிருக்கிறார், பினாங்கு ஃபெரியில் பணிபுரியும் முனுசாமி."

ருக்குமணி நெற்றியில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். ஹைதர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். முனுசாமி, பாட்டு தொடங்கும் முன், இன்னொரு முறை அந்த இடத்தைப் போடச் சொன்னார். அது முடிந்ததும், இன்னும் ஒரே ஒரு முறை என்றார்.

அந்தக் குரல் பெயர்களை வாசித்து முடிக்கிற வரைக்கும் முனுசாமிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.